பிள்ளையார் திட்டும் ஏழுகல் தோடும்

கலியபெருமாள் மாமா ஏறியதும் படகு இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, கடைசியில் போனால் போகிறதென்று அவரைப் பொறுத்துக்கொண்டது. காரைக்காலில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மனிதர் அவர். கடற்கரை ஊரில் பிறந்தும் அலை பாதத்தைத் தொட்டால் நாலடி பின்னால் போகிறவர். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் அவர் தொப்பை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"கவுத்துடாதீங்கம்மா. நாளைக்கு எனக்கு பிளேனு," என்றார்.

"நீங்க அசையாம உக்காந்தா அதுவே கவுராது மாமா," என்றாள் முன்னால் துடுப்போடு உட்கார்ந்திருந்த தாரிணி. அவள் இளையவள், துடுக்கு. பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்பும் வேலை மூத்தவள் சுகந்தியுடையது. சுகந்தி கரையைத் துடுப்பால் உந்தினாள். படகு தொர்தோஞ் ஆற்றின் ஓட்டத்தில் போய்ச் சேர்ந்தது.

பிரான்சின் தென்மேற்கே, காடும் பாறையும் கோட்டையுமாக இருக்கும் சீமையில் வளைந்து வளைந்து போகிற ஆறு அது. சுகந்தியின் அப்பா தியாகேசன் இந்த ஆற்றில்தான் சுற்றுலாப் படகு ஓட்டினார். மாசி மாதக் குளிரில், படகுத் துறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. சுகந்தி வேலை பார்க்கும் லியோனிலிருந்து ரயில் பிடித்து வந்தாள். கொள்ளி வைக்கும்போது அழவில்லை. பாரிசிலிருந்து வந்த சொந்தமெல்லாம் கட்டிக்கொண்டு கதறியபோதும் அழவில்லை. 'கல்லு மாதிரி நிக்குது பாரு' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. உடம்புக்குள் பஞ்சை அடைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

கருமாதி அன்றுதான் மாமா வாயைத் திறந்தார். சாப்பாட்டு இலை போட்டிருக்கும்போது, அத்தனை பேர் நடுவில், "எல்லாம் சரி, எங்க அக்கா தோடு எங்க?" என்று கேட்டார்.

ஏழுகல் வைரத் தோடு. அக்கா வேதவல்லி, அதாவது இந்தப் பெண்களின் அம்மா, கல்யாணத்துக்குத் தம்பி போட்ட சீர். அக்கா நோயில் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பீரோவைத் திறந்து பார்த்தார்கள், தோடு இல்லை. "மச்சான் வித்துட்டாரு. வேற என்ன? செத்தவங்களப் பத்திப் பேசக் கூடாதுதான். ஆனா வித்துட்டாரு," என்றார் மாமா. பந்தியில் ஒருவரும் நிமிரவில்லை. இன்னும் இரண்டு நாளில் மாமா ஊருக்குத் திரும்பினால் இந்தப் பேச்சும் கூடவே விமானம் ஏறும். பிறகு காரைக்காலில் தியாகேசன் என்றால் பெண்டாட்டி தோட்டை விற்றவன் என்று ஆகிவிடும், அதை அழிக்க ஆள் கிடையாது.

அப்போதுதான் சுகந்தி சொன்னாள். கோபத்தோடு சொல்லவில்லை, கோபம் வரவில்லையே.

"விக்கல மாமா. ஆத்துல இருக்கு."

விஷயம் இதுதான். பெண்கள் சின்னவர்களாக இருந்தபோதிலிருந்து, ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அப்பா பரிசை ஆற்றோரத்தில் எங்காவது ஒளித்துவைப்பார். கோட்டைச் சுவரில், வாதுமை மரப் பொந்தில், பாறை இடுக்கில். வாய்வார்த்தையாக ஒரு குறிப்பு தருவார். யாருக்கு வைத்தாரோ அவர்தான் வந்து எடுக்க வேண்டும். அது சட்டம். போன கோடையில் சுகந்திக்குப் போன் செய்தார். "இந்த வருஷம் பெருசு. அம்மா காதுல கெடந்தது உன் காதுக்கு. பிள்ளையாருக்குப் பின்னாடி இருக்கு. வழக்கம்போல வா, கண்ணுல படும்." சுகந்தி, "வர்றேன்ப்பா" என்றாள். அலுவலகத்தில் வேலை தலைக்குமேல் இருந்தது. இலையுதிர் காலம் வந்தது, பனி வந்தது. அவள் வரவில்லை.

"ஆத்துல வைரத்த ஒளிச்சு வெப்பானா ஒரு மனுசன்?" என்று கேட்டார் மாமா.

"எங்கப்பா வெப்பாரு," என்றாள் தாரிணி.

"காட்டு. காட்டிட்டா, எல்லார் முன்னாடி சொன்னத எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கறேன். இல்லன்னா என்னைக் கேக்கக் கூடாது."

அப்படித்தான் புறப்பட்டார்கள். நாளை மறுநாள் என்று தள்ளிப்போட வழியில்லை. அதிலும் அப்பாவோடு வேலை பார்த்த கிழட்டு ழெரார், விட்ராக் என்ற ஊரின் துறையில் படகை இறக்கிக் கொடுக்கும்போதே எச்சரித்திருந்தான். "மலைப்பக்கம் ராத்திரியெல்லாம் மழை. மதியத்துக்குமேல் தண்ணீர் ஏறும். அதற்குள் கீழே பெய்னாக் ஊரில் கரையேறிவிடுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறினால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்."

மேகம் கவிழ்ந்த பங்குனி நாள். சுற்றுலாக்காரர்கள் இன்னும் வர ஆரம்பிக்கவில்லை. ஆறு முழுக்க இவர்களுக்குத்தான். இடப்பக்கம் தலைக்குமேலே மலையுச்சியில் தோம் ஊரின் மதில் தெரிந்தது. தாரிணி துடுப்பைத் தூக்கிக் காட்டி, அப்பாவின் குரலில் ஆரம்பித்தாள். "அம்மாமாரே, ஐயாமாரே, மேலே பாருங்கள்! கழுத்து வலித்தால் கம்பெனி பொறுப்பல்ல!" அப்பா பிரெஞ்சில் சொல்வதை அவள் தமிழில் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே துடுப்புப் போட்டாள். சுகந்தி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழத் தெரிந்தவள்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த வளைவில் லா ரோக் கஜாக். செங்குத்துப் பாறையின் மடியில் தேன் நிற வீடுகள் அடுக்கிவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் ஊர். பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் அங்கே மூங்கிலும் வாழையும்கூட வளர்கின்றன.

"வாழை மரமா?" மாமா பயத்தை மறந்து எட்டிப் பார்த்தார். படகு ஆடியது. உடனே உட்கார்ந்துகொண்டார். "குலை தள்ளுமா?"

"தள்ளாது. இலைக்குத்தான். பொங்கலுக்கு அப்பா அங்கதான் கேட்டு வாங்கிட்டு வருவாரு. அந்தத் தோட்டக்காரம்மா அவருக்குப் பயந்துக்கிட்டே இலைய எண்ணி வெப்பாங்க," என்றாள் தாரிணி. மாமாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். துறையில் அப்பாவின் படகு கட்டிக் கிடந்தது. தட்டையான அடிப்பாகம், பழுப்பு மரப் பலகை, மேலே துணிக்கூரை. சுகந்தி அதைப் பார்த்தாள். படகு என்று மட்டும் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் கஸ்தெல்னோ கோட்டை இடக்கரையில் எழுந்தது. மதில்மேல் பழைய காலத்துக் கல்லெறியும் பொறிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. தூரத்தில், எதிர்க்கரையில், பெய்னாக் கோட்டை. ஒன்றில் ஆங்கிலேயன், ஒன்றில் பிரெஞ்சுக்காரன் என்று நூறு வருஷம் முறைத்துக்கொண்டிருந்த கோட்டைகள். 'எதிரெதிர் வீட்டில் சம்பந்தம் செய்தால் இதுதான் கதி' என்று அப்பா சொல்லும்போது பயணிகளுக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்பார்கள்.

இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே ஆறு இரண்டாகப் பிரிந்து ஒரு திட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. நீளமான மண் திட்டு. அதன்மேல் யானை படுத்திருப்பதுபோல ஒரு பாறை. தலைப்பக்கம், அதாவது கிழக்கே, பாறையில் ஒரு மாடம். வந்த புதிதில், ஆற்றங்கரை என்றால் பிள்ளையார் இல்லாமல் எப்படி என்று அப்பா ஒரு கல்லைத் தேடிப்பிடித்து அங்கே உட்காரவைத்தார். அன்றிலிருந்து அது பிள்ளையார் திட்டு. வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

ஓட்டத்தோடு வருகிற எல்லாப் படகும்போல இவர்களும் நேராகத் திட்டின் தலைப்பக்கத்தில் மோதி நிறுத்தினார்கள். தாரிணி குதித்துக் கயிற்றைப் பிடித்தாள். பிள்ளையார் இருந்தார். வெள்ளம் குங்குமத்தைக் கழுவிவிட்டிருந்தது. கழுத்தில் அப்பா சுற்றிய நூல் மட்டும் பாசி பிடித்துத் தொங்கியது.

"பின்னாடி பாருக்கா," என்றாள் தாரிணி.

சுகந்தி மாடத்துக்குள் கையை விட்டாள். கல்லுக்குப் பின்னால் பாறை. விரலால் தடவினாள், இடுக்கில்லை. கல்லை இரண்டு பேருமாக நகர்த்திப் பார்த்தார்கள். கீழே மண். மண்ணைக் கிளறினார்கள். நத்தைக் கூடுகள், ஒரு துருப்பிடித்த பாட்டில் மூடி. மாடத்தைச் சுற்றி, பாறையின் மேல், கீழ், கைக்கெட்டின இடமெல்லாம் தேடினார்கள். தாரிணியின் அசைவுகள் வேகமாகி, கடைசியில் நகத்தால் பாறையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"போதும் தாரிணி," என்றாள் சுகந்தி.

"போதுமா? உனக்கு எதுவுமே இல்லையாக்கா? அப்பாவ திருடன்னு சொல்லப் போறாங்க. நீ போன வருசமே வந்திருந்தா…" பாதியில் நிறுத்திவிட்டாள்.

சொன்னது உண்மை. சுகந்திக்கு அது தெரியும். சுட்டிருக்க வேண்டும், சுடவில்லை. ஆறு நிறம் மாறுவதை மட்டும் கவனித்தாள். காலையில் பச்சையாக இருந்த தண்ணீரில் டீயில் பால் விழுந்த மாதிரி பழுப்பு கலந்துகொண்டிருந்தது. ஒரு மரக்கிளை இலையோடு மிதந்து போயிற்று.

"தண்ணி ஏறுது. கெளம்பலாம்," என்றாள்.

மாமா வெற்றி பெற்றவர்போல இல்லை. ஈரக் கல்மேல் உட்கார்ந்திருந்தார். "நான் ஜெயிக்கணும்னு வரலம்மா. கெடச்சிருந்தா நல்லாதான் இருந்திருக்கும்," என்றார். பிறகு எழுந்து செருப்பைக் கழற்றினார். "வந்தது வந்தாச்சு. அவரைக் கும்பிடாம எப்படிப் போறது?" தலையில் குட்டிக்கொண்டார். மிதவைச் சட்டை இடிக்க இடிக்கத் தோப்புக்கரணம் போட்டார். அப்புறம் சுற்றி வரப் புறப்பட்டார். வடப்பக்கம் நாலடி வைத்ததும் பாறை நேராகத் தண்ணீரில் இறங்கியது. தென்பக்கம் வந்தார். ஆளுயர முள்புதர்.

"என்னம்மா இது. சுத்தி வர வழியே விடாம வெச்சிருக்காரு உங்கப்பா. அவர் எப்படிச் சுத்துவாரு?"

"படகுலதான்," என்றாள் தாரிணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மொதல்ல திட்ட வலமா ஒரு சுத்து. அப்பறந்தான் எறங்கணும். எங்க உயிர எடுப்பாரு."

சுகந்தி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

வழக்கம்போல வா.

தெற்குக் கிளையில் தண்ணீர் முழங்காலுக்குமேல் இருக்காது. படகு தரை தட்டும், இறங்கி இழுக்க வேண்டும். அதனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அப்பா போவார், சாமி வலக்கைப் பக்கம் இருக்க வேண்டுமே. வால்பக்கம் திரும்பி, வடக்குக் கிளையில் ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டு ஏறி, மறுபடி தலைக்கு வருவார். கை கழன்றுபோகும். 'ஏம்ப்பா, நேரா வந்து எறங்கினா சாமி கோவிச்சுக்குமா?' என்று சுகந்திதான் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்!

"மாமா, பிள்ளையார் கெழக்கப் பாத்து உக்காந்திருக்காரு," என்றாள் மெதுவாக. "அவருக்குப் பின்னாடின்னா மேக்கு. எல்லாப் படகும் மேலேர்ந்து கீழ போகுது. பாறையோட மேக்கு முகம் யாருக்கும் தெரியாது. கீழேர்ந்து எதிர்நீர்ல ஏறி வர்றவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

மாமா ஆற்றைப் பார்த்தார். "இந்தத் தண்ணியிலயா?"

"நீங்க இங்கயே இருங்க. நாங்க போயிட்டு வர்றோம்."

"யாரு, நானா? தனியாவா?" பாத்திரக்கடைக்காரர் செருப்பைப் படகுக்குள் எறிந்துவிட்டு அதற்கு முன்னால் தானே ஏறப் பார்த்தார்.

தெற்குக் கிளையில் மூன்று பேரும் இறங்கி இழுத்தார்கள். முழங்கால் அளவு இருக்க வேண்டிய தண்ணீர் தொடையைத் தொட்டது. பனி உருகிய தண்ணீர், எலும்பைக் கடித்தது. மாமா பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தார், பிறகு நனையட்டும் என்று விட்டுவிட்டார். வால்பக்கம் வந்ததும் ஏறி உட்கார்ந்து வடக்கே திருப்பினார்கள். திரும்பியதும் ஆறு படகின் மூக்கில் அறைந்தது.

"கரையோரமா ஒட்டு! நடுவுல போனா தள்ளிரும்!" சுகந்தி கத்தினாள். தாரிணி பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பைக் குத்தினாள். ஒரு முழம் ஏறினால் அரை முழம் கீழே வந்தது. மாமா இரண்டு கையாலும் கரையோர வேர்களைப் பிடித்து இழுத்தார். முருகா, பிள்ளையாரே, ஆத்தா என்று ஒருவரையும் விடாமல் கூப்பிட்டார். பழுப்புத் தண்ணீரில் ஒரு முழு மரம் உருண்டுகொண்டு வந்து, இவர்களை உரசாமல் போயிற்று.

யானையின் பின்புறம் மாதிரி இருந்த பாறை வளைவைத் தாண்டியதும் தெரிந்தது. மேற்கே பார்த்த ஒரு பொந்து. அதன் வாயில் யாரோ அடுக்கிவைத்த உருண்டைக் கற்கள். ஆறு அப்படி அடுக்காது. தண்ணீர் அதன் கீழ் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"அந்த வேரப் புடிச்சுக்கங்க மாமா. விட்டுடாதீங்க."

"விட மாட்டேன். நீ சீக்கிரம் பாரு."

சுகந்தி கற்களைப் பிடுங்கிப் போட்டாள். தோள்வரை கையை உள்ளே விட்டாள். பொந்து கீழ்நோக்கி இறங்கியது. உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. ஏற்கெனவே விறைத்திருந்த விரல்கள், உள்ளே போனதும் சுத்தமாக மரத்துவிட்டன. தடவினாள். எது கல், எது மண், எது தன் விரல் என்று தெரியவில்லை. கை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"இருக்காக்கா?"

"தெரியல. கையில ஒண்ணுமே தெரியல."

அந்த நிமிஷம் மாமா பிடித்திருந்த வேர் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. படகு பக்கவாட்டில் சுழன்றது. 'ஐயோ' என்று பாதி சொன்னதோடு மாமா தண்ணீருக்குள் போனார். ஆரஞ்சுச் சட்டை ஒருதரம் முங்கி மேலே வந்தது. ஓட்டம் அவரை இழுத்தது.

சுகந்தி யோசிக்கவில்லை. பொந்திலிருந்து கையை உருவினாள், குப்புறச் சாய்ந்தாள், இடக்கையால் மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்தாள். தாரிணி துடுப்பை நீட்டி அவரை விலாவோடு தடுத்தாள். படகு பொந்தை விட்டு விலகி, திட்டின் வாலைத் தாண்டி, ஆற்றின் இஷ்டத்துக்கு ஓடியது. பிள்ளையார் திட்டு பின்னால் சின்னதாகிக்கொண்டே போயிற்று. இனி ஏறி வர வழியில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று சுகந்தி நினைத்தாள். அதுகூட யாருக்கோ நடந்ததுபோலத்தான் இருந்தது.

"இன்னொரு கையையும் குடுக்கா! ரெண்டு கையால இழு!" தாரிணி கத்தினாள். அப்புறம் அவள் குரல் மாறியது. "அக்கா… உன் வலது கை."

சுகந்தி குனிந்து பார்த்தாள். நீலம் பாரித்த வலக்கை இறுக்கி மூடியிருந்தது. அதற்குள் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம். எப்போது பிடித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பிடித்திருப்பதே தெரியாது. ஆனால் கை அதைப் பிடித்திருந்தது. இத்தனை அமளியிலும் விட்டுவிடவில்லை.

பெய்னாக் கோட்டையின் பாறைக்கடியில், ஊர்த் துறையில் ஒதுங்கினார்கள். மாமாவைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். வாங்கிக் குடித்த ஆற்றையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவர், சுகந்தியின் கையைப் பார்த்தார். விரல்கள் விரிய மறுத்தன. மாமாதான் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பிரித்தார். சம்படத்தைத் திருப்பினார். அடியில் பேர் வெட்டியிருந்தது: வேதவல்லி தியாகேசன். அவர் கடையில், அவர் கையாலேயே வெட்டிய எழுத்து. கல்யாணச் சீர்வரிசையில் வைத்த பாத்திரம்.

மூடியைத் திறந்தார். மெழுகுத் துணி, அதற்குள் மஞ்சள் துணி, அதற்குள் தோடு. மேகமூட்டத்திலும் பதினாலு கல்லும் பளிச்சிட்டன.

 மாமா போனைக் கேட்டார். அவருடையது நனைந்துபோயிருந்ததால் தாரிணியுடையதைக் கொடுத்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைக்கச் சொன்னார். ஒலிபெருக்கியைப் போட்டார். "நான் கலியபெருமாள் பேசறேன். மச்சானப் பத்தி நான் சொன்னது தப்பு. தோடு இருக்கு. பொண்ணுக்குன்னு வெச்சிருந்திருக்காரு. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். நீங்களும் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லிடுங்க." குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் ஒருவரையும் விடவில்லை. காரைக்காலில் இருக்கிற பெண்டாட்டிக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னார், அவளுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

முடித்ததும், "வா," என்று சுகந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "காது குத்தும்போது என் மடியிலதான் உக்காந்திருந்த. என் வேட்டிய நனைச்ச. இப்ப மடியில இடமில்ல, தொப்பை வந்திருச்சு. பக்கத்துல உக்காரு."

அப்பா போனதிலிருந்து சுகந்தி காதில் ஒன்றும் போடவில்லை. அதற்கு முன்பும் அதிகம் போட்டதில்லை. ஓட்டை பாதி தூர்ந்திருந்தது. மாமா தோட்டின் தண்டை வைத்து மெல்ல அழுத்தினார். உள்ளே போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

சுகந்தி சட்டென்று மூச்சை இழுத்தாள்.

"வலிக்குதாம்மா?" மாமா கையை எடுத்தார்.

 அவள் விரல் நுனிகளில் ரத்தம் திரும்பி, ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கியிருந்தது. காதில் சுரீரென்றது. துறைக்கு எதிரே பழுப்பாக ஓடுகிற ஆற்றைப் பார்த்தாள். போன கோடை முழுக்க அப்பா தினமும் படகோட்டிக்கொண்டு இந்த வழியாகத்தான் போயிருப்பார். திட்டைத் தாண்டும்போதெல்லாம் திரும்பிப் பார்த்திருப்பார், வந்தாளா என்று. 

"வலிக்குது மாமா," என்றாள். கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. "ரொம்ப வலிக்குது."

"அப்ப வேணாம், அப்பறம் போட்டுக்கலாம்."

"இல்ல," என்று அவர் கையைப் பிடித்துக் காதுக்கே கொண்டுவந்தாள். "நிறுத்தாதீங்க. போட்டுவிடுங்க."